படித்த ஒரு வருஷம் எங்கே போகிறது?
(ஸ்ரீராமபுரம் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஊர் மாறுவது நமக்குப் புதிதல்ல. கட்டட வேலை முடிந்தால் வேறு இடம். ஆலை மூடினால் சொந்த ஊர். சட்டி பானையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். பிள்ளை கல்லூரியில் தேறிய இரண்டு செமஸ்டரை எப்படிக் கட்டிக்கொண்டு போவது?

நம் தெருப் பெண் ஒருத்தி இங்கே பி.காம். முதலாண்டு தேறினாள். அப்பாவுக்கு வேலை போனது. குடும்பம் கிருஷ்ணகிரிப் பக்கம் திரும்பியது. அங்கே ஒரு கல்லூரியில் இரண்டாமாண்டு கேட்டதற்கு, "முதல் வருஷத்திலேயே சேரும்மா" என்றார்கள். அவள் சேரவில்லை. இப்போது ஓசூரில் பேக்கிங் வேலை. "அண்ணே, படிச்சது படிக்காததாயிடுமா?" என்று அவள் அம்மா கேட்டார். எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன் நான். பதில் தெரியவில்லை. அதனால்தான் விசாரித்தேன்.

வாரம் ஒரு மணி நேரம் வீதம் ஒரு செமஸ்டர் முழுக்கப் பாடம் கேட்டு, பரீட்சையும் தேறினால் ஒரு கிரெடிட். ஏறக்குறைய அதுதான் கணக்கு. 2021 ஜூலையில் யூ.ஜி.சி. இதற்கென்றே 'அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்' என்று ஒரு வங்கி தொடங்கியது. தேறிய கிரெடிட் அதில் ஏழு வருஷம் வரை செல்லும். மீதியை வேறு பல்கலைக் கழகத்தில் படிக்கலாம். பட்டம் தருகிற இடத்தில் பாதியாவது படித்திருக்க வேண்டும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கு நம் பிள்ளை பெயரில்; வரவு வைக்கும் உரிமை கல்வி நிறுவனத்துக்கு மட்டும். அவர்கள் ஏற்றாவிட்டால் கணக்கு காலி. ஏற்றினாலும், பாடம் ஒத்துப்போகிறதா, இடம் இருக்கிறதா என்று அடுத்த பல்கலைக் கழகம் பார்த்துத்தான் சேர்க்கும்.

ரயில்வேக்காரனுக்கு இது பழைய கதை. சென்னையிலிருந்து அகலப்பாதையில் வந்த சரக்கை ஒரு காலத்தில் பெங்களூரில் இறக்கி, மைசூர் போக மீட்டர்கேஜ் வண்டியில் ஏற்றினார்கள். சரக்கு அதேதான், தண்டவாளம் வேறு. கர்நாடகம் 2021-இல் நாலு வருஷப் பட்டத்துக்குப் போய், 2024-இல் மூன்று வருஷத்துக்கே திரும்பியது. தமிழ்நாடு தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கவே இல்லை. அந்த வழக்கில் நமக்கும் ஒரு பக்கம் உண்டு, அதை இன்னொரு நாள் பேசுவோம். கூலிக்காரன் மகளின் மார்க் கார்டு அதன் நடுவில் ஏன் நசுங்க வேண்டும்?

இந்த ஊருக்குள்ளேயே பெங்களூர்ப் பல்கலைக் கழகம் 2017-இல் மூன்றாகப் பிரிந்துவிட்டது. வேறு பேட்டைக் கல்லூரிக்கு மாறினாலே பல்கலைக் கழகமும் மாறிவிடலாம்.

மொழித்தாளும் இடிக்கும். தமிழ்நாட்டுக் கலைக் கல்லூரிகளில் முதல் பகுதி தமிழ் அல்லது வேறொரு மொழி. இங்கே அடிஷனல் இங்கிலீஷ் எடுத்த பிள்ளை அங்கே திண்டாடலாம். இங்கேயும் தமிழ்ப்பாடம் உள்ள கல்லூரிகள் உண்டு, சேரும்போதே கேளுங்கள்.

செமஸ்டர் நடுவில் பிள்ளையைக் கிளப்பாதீர்கள். பரீட்சை முடியும்வரை சித்தி வீட்டிலாவது இருக்கட்டும். போகிற ஊர்க் கல்லூரியில் முதலில் எழுதிக் கேளுங்கள். அதற்குப் பிறகு இங்கே டி.சி. வாங்குங்கள். மைக்ரேஷன் சர்டிபிகேட், எல்லா மார்க் கார்டு, கல்லூரி முத்திரை போட்ட பாடத்திட்டம் கையில் வேண்டும். ஃபீஸ் பாக்கி என்று அசல் சான்றிதழைப் பிடித்து வைத்தால், 2018-இலேயே யூ.ஜி.சி. அதைத் தடுத்திருக்கிறது என்று சொல்லுங்கள்.

அடிக்கடி ஊர் மாறுகிற குடும்பத்துக்கு இக்னோ இருக்கிறது. வட்டார மையத்தை மாற்றிக்கொண்டு அதே படிப்பைத் தொடரலாம். அந்தப் பெண்ணுக்கும் இதைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஞாயிறன்று அவள் அம்மா மார்க் கார்டுடன் சங்கத்துக்கு வருகிறார். உங்களில் யாருக்காவது இதே சிக்கல் இருந்தால் அன்றே வாருங்கள். மனு எழுதித் தருகிறேன்.