ஜெட்டிக்கு இப்பால் ஒரு சின்னப் பள்ளி

அந்தமானின் பாம்பூஃப்ளாட்டில் ஒரு வீட்டில் பிள்ளைக்குப் பள்ளி தேட ஆரம்பித்தால், பேச்சு கடைசியில் ஃபெர்ரியில்தான் போய் நிற்கும். எதிர்க்கரையில் சாத்தம் ஜெட்டி. அதற்கப்பால் போர்ட் பிளேர். 2024 முதல் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். கார்மேல், நிர்மலா என்று ஊரறிந்த கிறிஸ்தவப் பள்ளிகள் அங்கே இருக்கின்றன. கடல்வழி சில நிமிடம்தான். சாலையில் சுற்றினால் பல மடங்கு தூரம். அரிச்சுவடி படிக்கப் போகிற குழந்தையை அடைமழையிலும் தினம் இரண்டு தடவை ஃபெர்ரி ஏற்றுவதா, இக்கரையிலேயே கட்டணம் குறைந்த ஒரு சின்ன மிஷன் பள்ளி கிடைத்தால் அதில் சேர்ப்பதா?

சின்னப் பள்ளி என்றாலே பலருக்கு மனம் ஒப்புவதில்லை. இந்தத் தீவுகளின் பழைய கதை ஒன்றைக் கேட்டால் அந்தத் தயக்கம் கொஞ்சம் குறையும்.

1890-களில் வேதப்பன் சாலமோன் என்ற தமிழர் கார் நிக்கோபாரில் மூஸ் என்ற கிராமத்துக்குப் போய்த் தங்கினார். ஆங்கிலிக்கன் மிஷனின் உபதேசியார் அவர். அரசாங்கத்தின் முகவர் வேலையும் அவர் தலையில்தான். எப்போதாவது கப்பல் வந்தால் உண்டு, வராவிட்டால் வெளியுலகமே இல்லை. அந்த இடத்தில் நிக்கோபாரிப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து ஒரு சின்னப் பள்ளி நடத்தினார். அன்றாடம் கண்டதை நாட்குறிப்பாக எழுதியும் வைத்தார். அந்தக் குறிப்புகளின் சில பகுதிகள் 1902-இல் லண்டனின் மானிடவியல் ஆய்விதழ் ஒன்றில் அச்சாயின. தன்னிடம் வந்த பிள்ளைகளின் ஊரை, திருவிழாவை, பயத்தை, வழக்கத்தை இவ்வளவு கவனித்த ஆசிரியர் எத்தனை பேர் இருப்பார்கள், சொல்லுங்கள்.

அவரிடம் படித்த பையன்களில் ஒருவர் ஜான் ரிச்சர்ட்சன். சாலமோன் அவரைப் பர்மாவுக்கு மேற்படிப்புக்கு அனுப்பி வைத்தார். படிப்பு முடிந்ததும் ரிச்சர்ட்சன் அங்கேயே தங்கிவிடவில்லை. மூஸுக்கே திரும்பி ஆசிரியரானார். பிறகு திருச்சபைக் குருவானார். புதிய ஏற்பாட்டைத் தன் மக்களின் மொழிக்குக் கொண்டு வந்தார். 1950-இல் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். 1952-இல் அமைந்த முதல் மக்களவைக்கு அந்தமான் நிக்கோபார் தீவுகளின் நியமன உறுப்பினராகப் போனார். கார் நிக்கோபாரின் அரசு மருத்துவமனை இன்றும் அவர் பெயரில்தான் இயங்குகிறது.

சாலமோனின் பள்ளிக்கு மாடிக் கட்டடம் இல்லை, கணினி அறை இல்லை. ஆனால் ஊரைவிட்டுப் போகாத ஓர் ஆசிரியர் இருந்தார். ஒவ்வொரு பையனும் யார் வீட்டுப் பிள்ளை, எதில் கெட்டிக்காரன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆகவே பெற்றோரே, பள்ளிக்குப் போனால் கட்டடத்தைப் பார்ப்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: ஒன்றாம் வகுப்பு டீச்சர் எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறார்? போன ஆண்டு நடுவில் யாராவது வேலையை விட்டுப் போனார்களா? சம்பளம் குறைவான பள்ளியில் ஆசிரியர்கள் அடிக்கடி மாறுவார்கள். அந்தப் பாதிப்பு நேராகக் குழந்தையின் மேல்தான் விழும். வகுப்பில் எத்தனை பேர் என்றும் எண்ணிப் பாருங்கள். சிபிஎஸ்இ விதிப்படி ஒரு பிரிவுக்குப் பொதுவாக 40 பிள்ளைகள்தான் வரம்பு. சின்னப் பள்ளியில் இருபது பேர் உட்கார்ந்திருந்தால் அதைக் குறையாக நினைக்காதீர்கள். அதுதான் அந்தப் பள்ளியின் செல்வம்.

அடுத்தது காகிதம். எட்டாம் வகுப்புவரை தீவு நிர்வாகத்தின் கல்வித் துறை அங்கீகாரம் வேண்டும். ஒன்பது, பத்துக்கு சிபிஎஸ்இ இணைப்பு வேண்டும். இணைப்பு எண்ணை வாரியத்தின் இணையதளத்தில் யாரும் சரிபார்க்கலாம். பள்ளி ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுமானால் அதற்காக வேண்டாம் என்று ஒதுக்கத் தேவையில்லை. அதற்குப் பிறகு பிள்ளை எங்கே போகும் என்பதை இன்றே யோசித்து வைத்தால் போதும். பதினோரு வயதில் ஃபெர்ரி ஏறுவது வேறு, நான்கு வயதில் ஏறுவது வேறு.

கட்டணத்தைப் பொறுத்தவரை மாதக் கட்டணக் கணக்கு மட்டும் போதாது. சேர்க்கை, சீருடை, புத்தகம், தேர்வு, ஆண்டுவிழா எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். தனியார் பள்ளியில் நலிந்த பிரிவினருக்கு 25 விழுக்காடு இலவச இடம் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. ஆனால் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. அதனால் கிறிஸ்தவப் பள்ளியில் சலுகை வேண்டுமென்றால் நிர்வாகத்திடம் நேரில்தான் கேட்க வேண்டும். கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

ஜெபமும் வேத பாடமும்? அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியில், பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை மத போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கச் சொல்ல முடியாது. அரசியல் சாசனத்தின் 28-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. கிறிஸ்தவக் குடும்பம், இந்துக் குடும்பம், முஸ்லிம் குடும்பம் எதுவானாலும், சேர்க்கும்போதே இதை மனம்விட்டுப் பேசிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது. தமிழ்ப் பாடம் உண்டா என்றும் அப்போதே கேளுங்கள். சிபிஎஸ்இயில் தமிழை மொழிப்பாடமாக எடுத்துப் படிக்க வழி இருக்கிறது. கேட்கிற பெற்றோர் நாலு பேர் சேர்ந்தால்தான் ஆசிரியர் வருவார்.

ஆசிரியர், அங்கீகாரம், செலவு, சம்மதம் இவற்றைப் பார்த்து முடிவெடுங்கள். விண்ணப்பத்தாளில் கையெழுத்துப் போடும் முன் ஒரு வேலைநாள் காலையில் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய், அனுமதி கேட்டு வகுப்பில் அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்.