டீசல் டிராக்டர், புல்டோசர்: கோளாறும் பழுது நீக்கமும்

(மணலூர்பேட்டையில் பஞ்சாயத்து அங்கத்தினர்களிடையேயும் விவசாயிகளிடையேயும் நிகழ்த்திய உரை)



தென்பெண்ணைக் கரையிலுள்ள இவ்வூரில் யந்திரங்களைப் பற்றிப் பேசும்போது, 2024-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தை மறந்துவிட்டுப் பேச இயலாது. பெஞ்சல் புயலின் மழையால் சாத்தனூர் அணை நிரம்பி, 2-ஆம் தேதி அதிகாலையில் விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் நீர் திறந்துவிடப்பட்டது. தைத் திங்களில் அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் அதே ஆறு, கரை மீறிப் பாய்ந்து, வயல்களில் வண்டலையும் மணலையும் கொட்டிச் சென்றது. அத்தகைய மணல் மேட்டை மண்வெட்டியால் வாரி மாளாது. புல்டோசரும் டிராக்டரும் வந்தே ஆக வேண்டும். வந்த யந்திரம் வயல் நடுவே நின்றுவிட்டாலோ, மெக்கானிக்கைத் தேடித் திருக்கோவிலூருக்கோ திருவண்ணாமலைக்கோ ஆள் அனுப்ப வேண்டும். அதற்குள் நாற்று முற்றிவிடும். நின்றுபோகும் யந்திரங்களில் பெரும்பாலானவை பெரும் பழுதினால் நிற்பவை அல்ல என்பதே நாம் கண்டது.

டீசல் என்ஜினில் பெட்ரோல் என்ஜினைப் போல நெருப்புப் பொறிக்குத் தனிக் கருவி கிடையாது. சிலிண்டருக்குள் இழுக்கப்படும் காற்று, ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்கு அளவுக்கு நெருக்கப்படுகிறது. அந்த நெருக்கத்தால் உண்டாகும் சூட்டிலேயே, நாஸில் வழியாகப் பனித்துளி போலத் தெளிக்கப்படும் டீசல் பற்றிக்கொள்கிறது. ஆகவே, என்ஜின் ஓடாவிட்டால் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றுதான். சுத்தமான டீசல் வருகிறதா? போதிய காற்று வருகிறதா? வந்த காற்று கசியாமல் நெருக்கப்படுகிறதா? இந்த வரிசையை விட்டு முதலிலேயே பம்பில் கை வைப்பவர், கோளாறு இல்லாத இடத்தில் கோளாறை உண்டாக்குகிறார்.

முதலில் டீசலைக் கவனிப்போம். டீசல் பம்பின் உள்ளே ஓடும் பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் உள்ள இடைவெளி தலைமயிரின் பருமனில் இருபதில் ஒரு பங்குகூட இராது. கண்ணுக்குத் தெரியாத பெண்ணை மணல் ஒரு சிட்டிகை உள்ளே போனால், பல ஆயிரம் ரூபாய் பெறுமானமுள்ள உறுப்பு கெட்டுவிடும். எனவே டிரம்மில் வைத்த டீசலை உருட்டியவுடன் ஊற்றலாகாது; ஓர் இரவு தெளியவிட்டு, அடிமட்டத்தை விட்டு மேலாக எடுக்க வேண்டும். மாலையில் வேலை முடிந்ததும் டாங்கியை நிரப்பி வைப்பது நலம். காலி இடம் இருந்தால் இரவுக் குளிரில் காற்றின் ஈரம் நீராகிச் சேரும். இதைச் சொன்னால் நம்மிற் சிலர், "மறுநாள் ஊற்றினால் ஆகாதா?" என்கின்றனர். பில்டர் கிண்ணத்தின் அடியில் தேங்கும் நீரை ஒரு முறை வடித்துப் பார்த்தவர் அவ்வாறு கேட்கமாட்டார்.

டாங்கி வறண்டு நின்ற என்ஜின், டீசல் ஊற்றிய பின்னும் கிளம்புவதில்லை. இதைத்தான் 'ஏர் பிடித்துவிட்டது' என்கிறோம். குழாயில் புகுந்த காற்று, பம்பு தள்ளும்போது சுருங்கிக்கொண்டு டீசலை முன்னே செல்ல விடுவதில்லை. பில்டரின் மேலுள்ள திருகைச் சற்றுத் தளர்த்தி, கைப் பம்பை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் நுரை வரும். நுரையில்லாத டீசல் வந்ததும், அது வழிந்துகொண்டிருக்கும்போதே திருகை இறுக்க வேண்டும். பின்னர் டீசல் பம்பின் திருகிலும் அவ்வாறே செய்து, இறுதியாக நாஸில் குழாய்களின் நட்டுகளைத் தளர்த்தி, ஸ்டார்ட்டரைச் சுற்றிக் காற்றை வெளியேற்றி முடுக்கினால் என்ஜின் கிளம்பும். ஆயினும் ஓர் எச்சரிக்கை. நாஸிலிலிருந்து டீசல் சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோவுக்கு மேற்பட்ட அழுத்தத்தில் பீறிடுகிறது. அது தோலைத் துளைத்து உள்ளே போகும். ஊசி குத்தியதுபோல் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய காயம் அது. 50 குதிரைச் சக்திக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்கள் பலவற்றில் 'காமன் ரெயில்' முறை வந்துள்ளது. அதில் அழுத்தம் பன்மடங்கு மிகுதி. அவ்வகை என்ஜினில் நாஸில் குழாயை நாம் தொடவே கூடாது.

ஓடும் என்ஜின் தன் நோயைப் புகையால் சொல்லும். கரும்புகை வந்தால், காற்றுக் குறைவு அல்லது சுமை மிகுதி. புழுதியில் உழுத பின் ஏர் கிளீனரைக் கழற்றிப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும். ஏர் கிளீனருக்கும் என்ஜினுக்கும் இடையிலுள்ள ரப்பர்க் குழாய் வெடித்திருந்தால் புகை தெரியாது, சத்தமும் தெரியாது. ஆனால் மணல் நேராகச் சிலிண்டருக்குள் போய்க்கொண்டிருக்கும். நீலப்புகை என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது. பெரும்பாலும் ரிங்குகள் தேய்ந்திருக்கும். வெண்புகை குளிர்ந்த என்ஜினில் சிறிது நேரம் வருவது இயல்பு. சூடான பின்னும் நிற்காமல், ரேடியேட்டரில் நீரும் குறைந்துகொண்டே வந்தால், ஹெட் காஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

வெள்ளத்தில் மூழ்கிய டிராக்டரைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். நீர் வடிந்ததும் 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று சாவியைத் திருப்புவது மிகப் பெரிய கேடு. காற்றைப்போல் நீர் நெருங்கிக் கொடுக்காது. பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஆகவே பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, நாஸில்களை எடுத்துவிட்டு, என்ஜினைக் கையால் மெல்லச் சுற்றி, சிலிண்டரிலுள்ள நீரை வெளியேற்ற வேண்டும். ஆயில் சம்பின் திருகைத் திறந்தால் அடியில் தேங்கிய நீர் முதலில் வரும். ஆயில் மோர்போல் வெளுத்திருந்தால் ஒரு சொட்டும் மிச்சம் வைக்கலாகாது. கியர் பெட்டி, பின் அச்சு, ஹைட்ராலிக் ஆகியவற்றின் ஆயிலுக்கும், டீசல் டாங்கிக்கும் இதே கதிதான். புது ஆயிலும் பில்டர்களும் போட்டுச் சிறிது நேரம் ஓட்டிய பின், அந்த ஆயிலையும் ஒரு முறை மாற்றிவிடுவது சிக்கனமே.

இனி புல்டோசர். வேளாண்மைப் பொறியியல் துறையிடமிருந்து இது மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கிறது. செயினே இதன் உயிர். ஈரக் களிமண் செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் இடையே அப்பிக்கொண்டால், செயின் தானே முறுக்கேறித் தேய்கிறது. மாலைதோறும் மண்ணைச் சுரண்டி எடுக்கத் தயங்கலாகாது. தேவையின்றி வேகமாகப் பின்னோக்கி ஓட்டினாலும் செயின் பின்களும் புஷ்களும் விரைவில் தேயும். செயினைத் தளர்த்த கிரீஸ் வால்வைத் திறப்பவர், ஒரு சுற்றுக்கு மேல் திருகலாகாது. முகத்தை அதன் நேரே வைக்கலாகாது. உள்ளிருக்கும் கிரீஸின் அழுத்தம் திருகையே தோட்டா போல எறியவல்லது. தூக்கிய பிளேடின் அடியில் புகுந்து வேலை செய்வதும் கூடாது. முதலில் தரையில் இறக்குக.

மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு இழுப்பவரும், கல்வராயன் மலைச் சரிவில் ஓட்டுபவரும் பிரேக்கைத் தினமும் பார்க்க வேண்டும். வயலில் தனித்தனியே மிதித்த இரு பிரேக் பெடல்களையும் சாலைக்கு வருமுன் தாழ் போட்டு இணைக்க மறந்தால், பாரம் ஏற்றிய டிராக்டர் ஒரு பக்கமாகச் சுழன்று கவிழும்.

டீசல் பம்பின் முத்திரையை உடைப்பதும் நாஸிலைப் பிரித்துத் தேய்ப்பதும் நம் வேலையல்ல. அவற்றுக்குச் சோதனை மேசை உள்ள பட்டறை வேண்டும். மற்றவற்றுக்கு ஸ்பானர் செட்டு ஒன்று, கிரீஸ் கன் ஒன்று, வலைப் புனல் ஒன்று, உபரி பில்டர்கள் இரண்டு, பஞ்சு உதிராத துணி ஆகியவை போதும். இவற்றைப் பஞ்சாயத்துப் பொதுவில் வாங்கி, ஒருவர் பொறுப்பில் வைத்தால், ஊரிலுள்ள எல்லா டிராக்டர்களுக்கும் உதவும்.

வெளியே மரத்தடியில் டிராக்டர் ஒன்று நிறுத்தப்பட்டுள்ளது. அதன் குழாயில் வேண்டுமென்றே காற்றுப் புகவிட்டிருக்கிறோம். ஓட்டுகிற இளைஞர்கள் முன்னே வரலாம். ஏர் எடுப்பதை அவர்கள் கையாலேயே செய்து பார்க்கட்டும்.