அக்கம்பக்கத்தை எழுப்பும் செல்



நள்ளிரவில் ஒரு வீட்டில் திருடன் புகுகிறான். வீட்டுக்காரர் கூச்சல் போடுகிறார். அவர் வீட்டுப் பொருள் போய்விடலாம். ஆனால் கூச்சல் கேட்டு ஊர் விழித்துக் கொள்கிறது. நம் உடலுக்குள்ளும் இப்படி நடக்கிறது.

செங்கற்களால் வீடு கட்டுகிறோம். அதுபோல, நம் உடல் கோடிக்கணக்கான செல்களால் ஆனது. செல் கண்ணுக்குத் தெரியாது. வைரஸ் கிருமி அதைவிட மிகச் சிறியது. வைரஸ் தனியாகப் பெருகாது. ஒரு செல்லுக்குள் புகுந்தால்தான் பெருகும். ஜலதோஷம், தட்டம்மை, போலியோ, டெங்கு ஆகியவை வைரஸால் வரும் நோய்கள்.

வைரஸ் புகுந்தால் செல் சும்மா இருக்குமா? இருக்காது. அது ஒரு பொருளைச் சுரந்து வெளியே அனுப்பும். அதன் பெயர் இன்டர்பெரான். அதுதான் செல் போடும் கூச்சல். அது பட்டதும் பக்கத்துச் செல்கள் உஷாராகும். வைரஸ் வந்தால் அதைப் பெருக விடாமல் தடுக்கத் தயாராகும். வைரஸ் புகுந்த செல் சில சமயம் தானே மடிந்துவிடும். அப்போது வைரஸ் பெருகுவதற்கு அங்கே இடம் இல்லாமல் போகும்.

1957-இல் லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இதைக் கண்டுபிடித்தார்கள். கோழி முட்டைக் கருவைச் சுற்றியுள்ள சவ்வை எடுத்தார்கள். அதனுடன் சூடாக்கிச் செயலிழக்கச் செய்த ப்ளூ வைரஸைச் சேர்த்தார்கள். பிறகு அந்தத் திரவத்தைப் புதிய சவ்வில் விட்டார்கள். புதிய சவ்வில் உயிருள்ள வைரஸ் சரியாகப் பெருகவில்லை. வைரஸைத் தடுக்கும் ஏதோ ஒன்று அந்தத் திரவத்தில் இருந்தது. அதற்கு இன்டர்பெரான் என்று பெயர் வைத்தார்கள்.

காய்ச்சலும் உடம்பு வலியும் அசதியும் ஏன் வருகின்றன? உடல் போராடுகிறது என்பதும் ஒரு காரணம். அந்த நேரத்தில் ஓய்வு வேண்டும். நீர், கஞ்சி நிறையக் குடிக்க வேண்டும்.

சிலர் மருந்துக் கடைக்குப் போய், தாமாகவே ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்குகிறார்கள். அது பாக்டீரியா என்ற வேறு வகைக் கிருமிக்குத்தான் மருந்து. வைரஸை அது ஒன்றும் செய்யாது. காசு வீண். அதோடு, தேவையில்லாமல் தின்றால் பாக்டீரியாவுக்கு அந்த மருந்து பழகிவிடும். பிறகு உண்மையாகத் தேவைப்படும்போது மருந்து வேலை செய்யாது. டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே அதைச் சாப்பிட வேண்டும்.

எல்லாக் காய்ச்சலும் தானாகப் போய்விடுமா? போகாது. குழந்தைக்கு மூச்சு வாங்கினால், வலிப்பு வந்தால், ரத்தம் கசிந்தால், பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காய்ச்சல் விடாமல் நீடித்தாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

சில வைரஸ்கள் செல்லின் கூச்சலையே அடக்கிவிடும். அதனால்தான் தடுப்பு மருந்து தேவை. திருடனின் அடையாளத்தை அது உடலுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. இந்தியாவில் இயற்கையாகப் பரவிய போலியோ கடைசியாக 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் ஒரு குழந்தையைத் தாக்கியது. 2014-இல் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று பெற்றது. வீடு வீடாகச் சொட்டு மருந்து கொடுத்ததன் பலன் அது.

ஒரு செல் தன் பக்கத்துச் செல்லை எச்சரிக்கிறது. தடுப்பூசி போடும் நாளைப் பக்கத்து வீட்டுத் தாய்க்கும் சொல்லுங்கள்.