செர்னோபில் தொழிலாளர்களும் மூளைப் படமும்

கதிர்வீச்சில் அகப்பட்டுப் பல வருஷங்கள் கடந்துபோன மனிதர்களின் மூளையில் இரத்தம் எப்படி ஓடுகிறது என்று படமெடுத்துப் பார்ப்பதைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறோம். இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். ஒரு தொழிலாளி, "எனக்குத் தலை வலிக்கிறது, நினைவு மங்குகிறது" என்று முறையிட்டால், உலகம் அவனை எந்த ருஜுவைக் கொண்டு நம்புகிறது என்பதே இதிலுள்ள விஷயமாகும்.

1986-ம் வருஷம் ஏப்ரல் 26-ந் தேதி, அக்காலம் சோவியத் நாட்டைச் சேர்ந்திருந்த உக்ரைனில், செர்னோபில் அணுமின் நிலையத்தின் 4-வது உலை வெடித்தது. அதன்பின் நடந்த துப்புரவு வேலைக்குச் சுமார் 6 லட்சம் பேர் கொண்டுபோகப்பட்டார்கள். சிப்பாய்கள், சுரங்கத் தொழிலாளிகள், லாரி ஓட்டிகள் எல்லோரும் அதில் உண்டு. கூரைமேல் இயந்திரங்கள் கெட்டு நின்ற இடத்தில் மனிதர்கள் மண்வெட்டியோடு ஏறி, ஒன்றிரண்டு நிமிஷத்தில் வாரித் தள்ளிவிட்டு ஓடி இறங்கினார்கள். கடுமையான கதிர்வீச்சு நோய் 134 பேருக்கு உறுதியாயிற்று. அவர்களில் 28 பேர் அந்த வருஷமே மாண்டார்கள்.

மற்றவர்கள் வீடு திரும்பினார்கள். பிறகு அவர்களில் பலர் தலைவலி, மறதி, அசதி, தூக்கமின்மை என்று வைத்தியரிடம் வந்தார்கள். அதிகாரிகளோ, "இது கதிர்வீச்சால் வந்ததல்ல, கதிர்வீச்சைப் பற்றிய பயத்தால் வந்தது" என்று சொல்லி, அதற்கு 'ரேடியோபோபியா' என்று பெயரும் சூட்டினார்கள். பெயர் வைத்துவிட்டால் வியாதி தீர்ந்துவிடுமா?

இங்குதான் படம் வருகிறது. மூளை உடல் எடையில் 100-க்கு 2 பங்குதான். ஆனால் உடல் செலவிடும் பிராணவாயுவில் சுமார் 100-க்கு 20 பங்கை அது வாங்கிக்கொள்ளுகிறது. ஆகவே இரத்தம் குறைந்தால் மூளையின் வேலையும் குறையும். டெக்னீஷியம்-99எம் என்ற பொருள் சேர்ந்த மருந்தைக் கை நரம்பில் ஏற்றுகிறார்கள். அது இரத்தம் அதிகம் போகும் பாகத்தில் அதிகமாகவும், குறைவாகப் போகும் பாகத்தில் குறைவாகவும் தங்குகிறது. அதிலிருந்து வெளிவரும் கதிரை, தலையைச் சுற்றிவரும் ஒரு காமிரா பிடித்துப் படமாக்குகிறது. இதற்கு 'ஸ்பெக்ட்' என்று பெயர். அம்மருந்தின் கதிர் 6 மணி நேரத்துக்கொரு முறை பாதியாகக் குறைந்துவிடும்.

செர்னோபிலில் வேலை செய்தவர்களை இவ்விதம் பார்த்த வைத்தியர்கள் சிலர், மூளையின் சில பாகங்களில் இரத்த ஓட்டம் குறைந்திருக்கிறதென்று எழுதினார்கள். "பார்த்தீர்களா, ருஜுவாகிவிட்டது!" என்று நாம் துள்ளலாமா? கூடாது, தோழர்களே! ஓட்டம் குறைந்திருக்கிறது என்று படம் சொல்லும். ஏன் குறைந்தது என்று சொல்லாது. குடி, புகை, இரத்தக் கொதிப்பு, மனச்சோர்வு, வயது இவைகளாலும் குறையும். அதே வயதும் அதே பழக்கமும் உள்ள, கதிர்வீச்சுப் படாத மனிதர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலொழிய விடை கிடைக்காது.

அளவையும் பார்க்கவேண்டும். தலையில் புற்றுநோய் வந்தால் தவணை தவணையாக 50, 60 கிரே வரையில் கதிர் கொடுப்பதுண்டு. அவ்வளவு கொடுத்தால் மூளையின் சிறு இரத்தக் குழாய்கள் கெடக்கூடும் என்பது தெரிந்த விஷயம். துப்புரவுக்காரர்களுக்குக் கணக்கிட்ட சராசரியோ சுமார் 120 மில்லிசீவர்ட், அதாவது அதில் 400-ல் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் இந்தச் சராசரி எப்படி வந்தது? அநேகருக்கு அளக்கும் கருவியே கொடுக்கப்படவில்லை. எழுதிவைத்த கணக்கும் நம்பத்தக்கதாக இல்லை. அளக்காமல் விட்டவர்களே பிறகு தொழிலாளியைப் பார்த்து, "உன் அளவு எங்கே?" என்று கேட்பது என்ன நியாயம்?

ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர் தப்பியவர்களை 1950 முதல் 2003 வரை தொடர்ந்து கவனித்ததில், மூளை இரத்தக்குழாய் நோயால் மரணம் ஒரு கிரேக்குச் சுமார் 100-க்கு 9 வீதம் கூடுவதாகத் தெரிந்தது. குறைந்த அளவில் அது தெளிவாகவில்லை. ஆகையால், எல்லாம் பயமே என்பவர்களும் சரியல்ல. ஒவ்வொரு குறையும் கதிரால் வந்ததே என்பவர்களும் சரியல்ல.

கடைசியாக ஒன்று. பயத்தால் வந்த தலைவலியும் தலைவலிதான். அந்தப் பயத்தைக் கொடுத்தது யார்? எச்சரிக்காமல், அளக்காமல், கூரைமேல் ஏற்றியவர்கள்தானே! அப்படியிருக்க, அவனுக்குரிய வைத்தியமும் உபகாரச் சம்பளமும் படத்தின் நிறத்தைப் பார்த்துத்தான் கொடுக்கப்பட வேண்டுமா? நாம் சொன்னதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். உங்கள் அறிவைக்கொண்டு யோசித்து, சரியென்று பட்டதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.