வாசலில் காத்திருந்த நேரத்துக்கு யார் சாட்சி?



ஆலத்தியூரில் அவசர சிகிச்சையைப் பற்றிப் பேசக் காரணம் தேட வேண்டியதில்லை. சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஓடுகிற சாலையில்தான் நாம் கூலிக்கு நடக்கிறோம். அடிபட்டால் அரியலூர், பெரம்பலூர், அப்புறம் திருச்சி, தஞ்சாவூர் என்று அலைச்சல். போகிற வழியில் உயிர் போனால் 'விதி' என்று எடுத்துப் புதைத்துவிடுகிறோம். அதை விதி என்று ஒத்துக்கொள்ளாத ஒரு வழக்கு உண்டு.

1992 ஜூலை 8ஆம் தேதி மேற்கு வங்கத்தில் ஒரு விவசாயக் கூலித் தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்தார். தலையில் பலத்த அடி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கி, கல்கத்தாவின் அரசு மருத்துவமனைகள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார்கள். ஓரிடத்தில் படுக்கை இல்லை, ஓரிடத்தில் வசதி இல்லை. கடைசியில் தனியாரிடம் சுமார் 17,000 ரூபாய் கட்டிப் பிழைத்தார். கூலிக்காரருக்கு அது எத்தனை வருட உழைப்பு! அவருடைய சங்கம், பச்சிம் பங்கா கேத் மஸ்தூர் சமிதி, உச்ச நீதிமன்றம் போனது. 1996இல் தீர்ப்பு: உரிய நேரத்தில் சிகிச்சை தராதது அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையை மீறுவது, நிதி இல்லை என்று அரசு தப்பிக்க முடியாது. இழப்பீடு 25,000 ரூபாய். தொகை சிறியது. ஆனால் அதைக் கொண்டுவந்தது ஒரு கூலிக்காரர் சங்கம் என்பதை நாம் மறக்கக் கூடாது. 'போலீஸ் வரட்டும், அப்புறம் பார்க்கிறோம்' என்பதற்கும் இடமில்லை என்று 1989லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது தனியார் மருத்துவமனையையும் கட்டும்.

அடுத்து நுகர்வோர் ஆணையம். வக்கீலிடம் போனால் முதலில் அதைத்தான் சொல்வார். பணம் கட்டிய இடம் என்றால் சரி. இரண்டு வருடத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் மனு போடலாம். ஆனால் 1995இல் வந்த சாந்தா வழக்குத் தீர்ப்பின்படி, எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை அந்தச் சட்டத்துக்குள் வராது.  நம் சனம் போவதோ இலவச மருத்துவமனைக்கு! ஆக நமக்கு மிஞ்சுவது உயர் நீதிமன்றத்தில் 226ஆவது பிரிவின் கீழ் ரிட் மனு, சிவில் வழக்கு, ஒரு வருடத்துக்குள் மனித உரிமை ஆணையத்தில் புகார். மருத்துவர் மேல் குற்ற வழக்கு என்றால், மிக மோசமான கவனக்குறைவைக் காட்ட வேண்டும் என்று 2005இல் ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு கதவை ஒடுக்கிவிட்டது.

வன்கொடுமைச் சட்டம்? 2016 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், மருத்துவமனைக்குள்ளும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள்ளும் நுழைவதைத் தடுப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. எல்லோரையும் காக்க வைத்தால் அது வன்கொடுமை ஆகாது. காலனி ஆள் என்று ஒதுக்கி, பின்னால் வந்தவரை முன்னால் பார்த்தால் கேள்வி எழும். மருத்துவராக விரும்பிய குழுமூர் அனிதாவின் பெயர் அரியலூர் மருத்துவக் கல்லூரி அரங்கத்தில் இருக்கிறது. நம் பிள்ளை டாக்டராக உள்ளே போவதும், நம் நோயாளி உள்ளே போவதும் ஒரே வாசல் பிரச்சினைதான்.

இத்தனை சட்டமும் ஒரு துண்டுக் காகிதத்தில் வந்து நிற்கிறது. சேர்த்துக்கொண்டால் பதிவேட்டில் பெயர் இருக்கும். திருப்பி அனுப்பினால் நாம் அங்கே போனதற்கே தடயம் இல்லை. சமூகவியல் படித்தபோது ஆவணம் என்பது அதிகாரம் என்று பாடமாகத்தான் கேட்டோம். மருத்துவமனை வாசலில்தான் அதன் பொருள் தெரிந்தது. எனவே ஓ.பி. சீட்டை வாங்குங்கள். வேறு இடத்துக்கு அனுப்பினால் காரணத்தையும் நேரத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். 108க்குப் பேசிய நேரம் கைப்பேசியில் இருக்கும், அழித்துவிடாதீர்கள். சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. அரசு மருத்துவமனையின் பதிவேட்டை, அன்று பணியிலிருந்தவர் பட்டியலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

வக்கீல் பீஸுக்கு எங்கே போவது என்று பின்வரிசையில் ஒரு அக்கா கேட்கிறார். பட்டியல் சாதியினருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்று 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் சொல்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கிறது. சாதிச் சான்றிதழை எடுத்துக்கொண்டு போங்கள் அக்கா, கூட நம் மன்றத்திலிருந்தும் ஒருவர் வருவார்.