மறதியும் மூளைநீரும்



மறதி மூப்பின் இயல்பு என்று கூறுவது நம்மிடையே வழக்கம். சாவியை வைத்த இடம் மறந்துபோவது மூப்பின் இயல்பாகலாம். சாவி எதற்கு என்பதே மறந்துபோவது நோயின் அறிகுறியாகலாம். அந்நோயை அறியும் வழி ஒன்றைப் பற்றி இன்று பேசுகிறேன்.

1901-ஆம் ஆண்டில், ஜெர்மனியில் பிராங்பர்ட் நகர மருத்துவமனைக்கு, 51 வயதுள்ள ஆகுஸ்டே டீட்டர் என்னும் அம்மையார் அழைத்து வரப்பட்டார். தம் பெயரையே முழுமையாக எழுத அவரால் இயலவில்லை. 1906-இல் அவர் காலமானபின், அலாய்ஸ் அல்சைமர் என்னும் மருத்துவர் அவர் மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, நரம்பணுக்களுக்கு வெளியே படிவுகளையும் உள்ளே முடிச்சுகளையும் கண்டார். படிவுகள் அமிலாய்டு என்னும் புரதத்தாலும், முடிச்சுகள் டௌ என்னும் புரதத்தாலும் ஆனவை என்பது 1980-களில் தெளிவாயிற்று. ஆயினும், உயிரோடிருப்பவரின் மூளையில் இவை உள்ளனவா என்று அறிவது எங்ஙனம்?

மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்து ஒரு தெளிந்த நீர் உள்ளது. வளர்ந்தவரிடத்தில் ஏறத்தாழ 150 மில்லிலிட்டர். கீழ்முதுகின் முள்ளெலும்புகளுக்கிடையே ஊசி செலுத்தி அந்நீரை எடுக்கும் முறையை 1891-இல் ஹைன்ரிக் குவிங்கே என்னும் ஜெர்மானிய மருத்துவர் வகுத்தார். 1990-களில் அந்நீரிலுள்ள இவ்விரு புரதங்களையும் அளந்தபோது, அல்சைமர் நோயாளரிடம் டௌ மிகுந்தும், அமிலாய்டு-பீட்டா 42 என்னும் வகை குறைந்தும் காணப்பட்டன.

மூளையில் மிகுந்திருக்கும் அமிலாய்டு நீரில் குறைவானேன்? வாய்க்காலின் தலைப்பில் வண்டல் படிந்துவிட்டால், கடைமடைக்கு வரும் நீரில் வண்டல் குறைவாகத்தானே இருக்கும்? அவ்வாறே, மூளையில் படிந்தது நீருக்கு வந்து சேர்வதில்லை.

பரம்பரையாக இந்நோய் இளவயதிலேயே வரும் குடும்பங்களை ஆராய்ந்து 2012-இல் வெளியான ஆய்வொன்று, அறிகுறிகள் எதிர்பார்க்கப்படும் காலத்திற்கு ஏறத்தாழ 25 ஆண்டுகள் முன்னரே இந்தக் குறைவு தொடங்குவதாகக் காட்டிற்று. நோயை முற்றிலும் தீர்க்கும் மருந்தோ இன்னும் இல்லை. தொடக்க நிலையில் அதன் வேகத்தை ஓரளவு தணிக்கும் மருந்துகளே உண்டு. மேலும், அமிலாய்டு படிந்திருந்தும் நினைவு குன்றாமல் வாழ்பவரும் உளர். ஆதலால் மருத்துவர் இவ்வளவுகளை மட்டும் கொண்டு முடிவு கூறார். நோயாளரின் நடையுடை பேச்சையும் உடன்வைத்தே ஆராய்வார்.

உங்கள் இல்லத்துப் பாட்டனார் ஒரே கேள்வியைப் பத்துமுறை கேட்டால், அதைப் பிடிவாதம் என்று கடியாதீர்கள். வயதாகிவிட்டது என்று வாளாவும் இராதீர்கள். தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி உண்டாகும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. எனவே, காலம் தாழ்த்தாது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பதினோராம் முறையும் அவர் அக்கேள்வியைக் கேட்டால், முதன்முறை கேட்டதுபோலவே விடை கூறுங்கள்.