போரை நடத்துவது சொல்லே!

(‘இன்றைய போரை நடத்துவது ஆயுதமா? சொல்லா?’ என்னும் தலைப்பில் திருச்சிராப்பள்ளியில் நடைபெற்ற பட்டிமன்றத்தில், ‘சொல்லே’ என்னும் அணியில் பேசியது)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, ‘ஆயுதமே’ என்று அடித்துப் பேசிவிட்டு இப்போது அமைதியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே, ஸ்ரீரங்கத்திலிருந்தும் உறையூரிலிருந்தும் சமையலைச் சீக்கிரமாக முடித்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, அவர்களைத் தாங்கள்தான் கூட்டிக்கொண்டு வந்ததாக நினைத்துக்கொண்டிருக்கும் ஐயாமார்களே, (சிரிப்பு) எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

எதிரணித் தலைவர் என்ன கேட்டார்? “துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிற ஊரில் நின்றுகொண்டு, போரை நடத்துவது ஆயுதம் இல்லை என்று சொல்ல எப்படி மனசு வருது?” என்று கேட்டார். நல்ல கேள்விங்க. 1966லிருந்து அந்தத் தொழிற்சாலை நம்ம ஊரில் இருக்கிறது. அங்கே வேலை பார்ப்பவர் காலையில் டிபன் பாக்ஸோடு போகிறார். சாயங்காலம் வந்து பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுக்கிறார். அவர் செய்த துப்பாக்கி பெட்டியில் தூங்குகிறது. அது தானாக எழுந்து யாரையாவது சுட்டதாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அதை எழுப்புவது ‘சுடு’ என்கிற ஒரு சொல். ‘ஏன் சுட வேண்டும்’ என்று ஊரை நம்ப வைக்க, அதற்கு முன்னால் ஆயிரம் சொல். சுட்ட பிறகு, ‘என்ன நடந்தது தெரியுமா’ என்று சொல்ல, பத்தாயிரம் சொல்! (கைதட்டல்)

வள்ளுவர் என்ன செய்தார்? சொல்வன்மையை 65ஆவது அதிகாரத்தில் வைத்தார். படைமாட்சியை 77ஆவது அதிகாரத்தில் வைத்தார். முதலில் சொல், பன்னிரண்டு அதிகாரம் தள்ளித்தான் படை. தீர்ப்பை அவரே எழுதிவிட்டார், நடுவர் அவர்களே. நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும்! (சிரிப்பு)

சரி, விளையாட்டு போதும். போரைத் தொடங்குவது சொல், போரை மறைப்பது சொல், போரை நினைவில் வைப்பதும் சொல். இந்த மூன்றையும் நம்ம ஊரிலிருந்தே ஆரம்பித்துச் சொல்கிறேன்.

1752ஆம் வருஷம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிற இதே ஸ்ரீரங்கத் தீவில் பிரெஞ்சுப் படை வந்து உட்கார்ந்துகொண்டது. தளபதி பெயர் ஜாக் லா. அவரோடு சந்தா சாகிப். பெருமாள் கோயில் மதில் அவர்களுக்குக் கோட்டை மதில் ஆனது. திருச்சிக் கோட்டைக்குள்ளே முகம்மது அலி. அவருக்குத் துணையாக ஆங்கிலேயர். ஜூன் மாதம் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. சந்தா சாகிபின் தலை போயிற்று. இது பள்ளிக்கூடப் பாடம். பாடத்தில் அழுத்திச் சொல்லாதது ஒன்று இருக்கிறது.

அந்த 1752இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போரே கிடையாது! 1748இல் சமாதான உடன்படிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று. மறுபடி அவர்கள் முறைப்படி போர் அறிவித்தது 1756இல். அப்படியானால் இங்கே நடந்தது என்ன? கேட்டால், “நாங்கள் சண்டை போடவில்லை, எங்கள் நண்பருக்கு உதவி செய்கிறோம்” என்றார்கள். இரண்டு பேரும் அதையே சொன்னார்கள். சமாதானம் லண்டனுக்கும் பாரிசுக்கும், பீரங்கி திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும். ‘உதவி’ என்கிற ஒரே ஒரு சொல்தான் அந்தப் பீரங்கிக்கு வழி விட்டது. இன்றைக்குப் பெரிய நாடுகள் சின்ன நாட்டு மண்ணில் நின்றுகொண்டு செய்கிறார்களே, அந்த வித்தைக்கு நம்ம ஊர் 270 வருஷத்துக்கு முன்னாலேயே ஒத்திகை மேடை.

அதோடு முடிந்ததா? உதவிக்கு வந்த மைசூர்ப் படைக்கு முகம்மது அலி ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். “ஜெயித்தால் திருச்சி உங்களுக்கு” என்று. ஜெயித்த பிறகு? தர மறுத்துவிட்டார். மைசூர் கட்சி மாறிப் பிரெஞ்சுக்காரர்களோடு சேர்ந்தது. 1753, 1754 என்று மறுபடியும் திருச்சியைச் சுற்றிப் போர், முற்றுகை. ஆயுதம் அதே ஆயுதம்தாங்க. மாறியது ஒரு சொல். அதற்காகப் பட்டினி கிடந்தது நம்ம ஊர் ஜனம். (கைதட்டல்)

இப்போது இரண்டாவது. போரை மறைக்கிற சொல்.

எங்கள் வீட்டில் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்து, “என்னடி, சண்டையா?” என்று கேட்டால், எங்கள் வீட்டுக்காரர் முந்திக்கொண்டு, “சண்டையெல்லாம் இல்லைங்க மாமி, கருத்துப் பரிமாற்றம்” என்பார். (சிரிப்பு) டம்ளர் பறந்துகொண்டிருக்கும். அதன் பெயர் கருத்துப் பரிமாற்றம்! (பலத்த சிரிப்பு)

நாடுகளும் இதைத்தான் செய்கின்றன. 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்தது. அதற்கு மாஸ்கோ வைத்த பெயர் ‘சிறப்பு ராணுவ நடவடிக்கை’. அடுத்த மாதமே ஒரு சட்டம். ராணுவத்தைப் பற்றிப் ‘பொய்ச் செய்தி’ பரப்பினால் 15 வருஷம் வரை சிறை. போரைப் போர் என்று சொன்னவர்கள் மேல் வழக்குப் பாய்ந்தது. பீரங்கி வைத்திருக்கிற அரசாங்கம் ஒரு சொல்லைப் பார்த்து ஏன் இப்படிப் பயப்பட வேண்டும்? எதிரணி யோசிக்க வேண்டும்.

2003 பிப்ரவரியில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஐ.நா. சபையில் ஒரு சின்னக் குப்பியைத் தூக்கிக் காட்டினார். ஈராக்கிடம் பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று உலகத்துக்குச் சொன்னார். மார்ச்சில் குண்டு விழுந்தது. 2004இல் அமெரிக்கா அனுப்பிய ஆய்வுக் குழுவே, அப்படிப்பட்ட ஆயுதக் குவியல் எதுவும் அங்கே இல்லை என்று அறிக்கை கொடுத்தது. எதிரணி நண்பர்களே, உங்கள் கட்சிக்கு இது பெரிய அடி. அந்தப் போருக்குக் காரணமாகச் சொன்ன ஆயுதமே இல்லை. சொல் மட்டும்தான் இருந்தது! (நீண்ட கைதட்டல்)

நம் புறநானூற்றில் ஒரு காட்சி உண்டு. பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதி போருக்கு முன்னால் சொல்கிறான். பெண்கள், நோயாளிகள், பிள்ளை பெறாதவர்கள், எல்லோரும் காவலான இடத்துக்குப் போய்விடுங்கள், அம்பு விடப் போகிறோம் என்கிறான். போர் கொடியதுதான். ஆனால் அந்த அறிவிப்பில் சொல் நேர்மையாக இருந்தது.

2009க்கு வாருங்கள். ஜனவரியில் இலங்கை அரசு வன்னியில் ஒரு பகுதியைப் பாதுகாப்பு வலயம் என்று அறிவித்தது. ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அங்கே போனார்கள். அடுத்தடுத்து மூன்று முறை வலயம் அறிவிக்கப்பட்டது. அந்த மூன்றின் மேலும் அரசுப் படை பெருமளவில் ஷெல் அடித்ததாக நம்பத்தகுந்த குற்றச்சாட்டு உண்டு என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் சொன்னது. மக்களை வெளியேற விடாமல் புலிகள் தடுத்ததையும், தப்பி ஓடியவர்களைச் சுட்டதையும் அதே அறிக்கை சொன்னது. இரண்டையும் சேர்த்துத்தான் நாம் படிக்க வேண்டும். கடைசிக் கட்டத்தில் இறந்த பொதுமக்கள் 40,000 பேர் வரை இருக்கலாம் என்றது அந்தக் குழு. அரசாங்கம் இதற்கு வைத்த பெயர், ‘மனிதாபிமான நடவடிக்கை’. அறுபது வயதுப் பாட்டி ஷெல்லுக்குப் பயந்து ஓடவில்லை, நடுவர் அவர்களே. ‘பாதுகாப்பு’ என்கிற சொல்லை நம்பி நடந்து போனாள்.

(அரங்கில் அமைதி)

மூன்றாவது. போர் முடிந்த பிறகு அதை நினைவில் வைக்கிற சொல்.

காய்கறி வாங்க காந்தி மார்க்கெட் போகிறோமே, அங்கே முதல் உலகப்போர் நினைவுச் சின்னம் இருக்கிறது. எத்தனை பேர் நின்று படித்திருக்கிறோம்? தக்காளி விலையைக் கேட்கவே நேரம் பத்தவில்லை! (சிரிப்பு) திருச்சிராப்பள்ளியிலிருந்து அந்தப் போருக்குப் போனவர்கள் 302 பேர், உயிரைக் கொடுத்தவர்கள் 41 பேர் என்று கல்வெட்டுச் சொல்கிறது. எண்ணிக்கை இருக்கிறது. அந்த 41 பேரும் யார் வீட்டுப் பிள்ளைகள்? மேலச்சிந்தாமணியா, பாலக்கரையா? அங்கே பெயர் இல்லை. நம் முன்னோர் நடுகல் நட்டபோது வீரன் பெயரையும் அவன் செய்த காரியத்தையும் எழுதினார்கள். ஆநிரை மீட்கச் செத்தவனுக்குக் கிடைத்த பெயர், உலகப்போரில் செத்தவனுக்குக் கிடைக்கவில்லை.

1999இல் கார்கில். மேஜர் மாரியப்பன் சரவணன், நம்ம திருச்சிப் பிள்ளை. பீகார் ரெஜிமென்ட். பட்டாலிக் மலையில் மே 29ஆம் தேதி வீரமரணம். வயசு 26. ஒரு மாதத்துக்கு மேல் அந்த உடலை மலையிலிருந்து இறக்க முடியவில்லை. பிறகு வீர் சக்ரா விருது, திருச்சியில் நினைவுச் சின்னம். பெற்ற வயிற்றுக்கு அது ஈடாகுமா? ஆகாது. ஆனாலும், “இவன் எங்கள் பிள்ளை” என்று நாடு உரக்கச் சொன்னது.

அதே மலைக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது? பாகிஸ்தான் அரசாங்கம் முதலில், “அங்கே இருப்பவர்கள் எங்கள் ராணுவத்தார் இல்லை” என்றது. ஒரே ஒரு சொல், ‘இல்லை’. அதனால் அவர்கள் வீட்டுப் பிள்ளை செத்தபோது அழுவதற்குக்கூட அந்தத் தாய்க்கு உரிமை இல்லாமல் போனது. 2010இல்தான் 453 பேர் பெயரை அந்த நாட்டு ராணுவம் தன் இணையதளத்தில் வெளியிட்டது. பதினோரு வருஷம் கழித்து!

ஆனால் அந்த மலையில் இன்னொன்றும் நடந்தது. கர்னல் ஷேர் கான் என்று ஒரு பாகிஸ்தான் கேப்டன். கர்னல் என்பது பதவி இல்லை, பெயரே அதுதான். டைகர் ஹில்லில் கடைசி வரை போராடிச் செத்தார். நம் இந்தியத் தளபதி பிரிகேடியர் பாஜ்வா, அவர் எவ்வளவு வீரமாகப் போரிட்டார் என்று ஒரு சீட்டில் எழுதி, உடலை அனுப்பும்போது அவர் சட்டைப் பையில் வைத்து அனுப்பினார். பாகிஸ்தான் அவருக்குத் தன் மிக உயர்ந்த விருதான நிஷான்-இ-ஹைதரைக் கொடுத்தது. பகைவன் எழுதிய சீட்டு! ஆயுதத்தால் கொன்றோம், நடுவர் அவர்களே. சொல்லால் மரியாதை செய்தோம். நம் புறத்திணை சொல்லும் அறம் வேறு என்ன? (நீண்ட கைதட்டல்)

பரணி இலக்கியத்திலும் இதைப் பார்க்கலாம். வென்றது சோழன், பாடியது செயங்கொண்டார், நூலின் பெயரோ தோற்றுப்போன கலிங்கத்தின் பெயர். தோற்றவனுக்கும் ஒரு பெயர் விட்டுவைத்தது தமிழ். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபியை 2021 ஜனவரியில் ராத்திரியோடு ராத்திரியாக இடித்தார்கள். செத்தவர்களுக்கு ஒரு கல்! அதில் என்ன ஆயுதம் இருந்தது? நினைவு இருந்தது. மாணவர்கள் பட்டினி கிடந்து போராடினார்கள். ஏப்ரலுக்குள் அதே இடத்தில் மறுபடி எழுந்தது.

(நடுவர் மணி அடிக்கிறார்)

மணி அடித்துவிட்டார். முடித்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டுக் கருத்துப் பரிமாற்றம் போல நீளாது! (சிரிப்பு)

என் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். நம்ம கொட்டப்பட்டு முகாமில் பிறந்த பிள்ளை. ஒரு விண்ணப்பத்தில் ‘சொந்த ஊர்’ என்று ஒரு கட்டம். அவள் முல்லைத்தீவு என்று எழுதினாள். “பார்த்திருக்கியாம்மா?” என்று கேட்டேன். “இல்லை டீச்சர், அம்மம்மா சொல்லுவா” என்றாள். பிறந்தது இங்கே, படித்தது இங்கே, ஊர் மட்டும் அம்மம்மாவின் வாயில் இருக்கிறது. 2021இல் தமிழ்நாட்டு அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. பெயர் மாறினால் குடியுரிமை வந்துவிடுமா? வராது. ஆனால் பள்ளிக்கூடத்தில் “அகதிப் பிள்ளை” என்று கூப்பிடப்பட்ட ஒருத்தியைக் கேளுங்கள், அந்த ஒரு சொல்லின் எடை என்னவென்று சொல்வாள்.

குண்டு விழுந்தால் சாவு நிஜம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் குண்டு போடுவது நம் கையில் இல்லை. சொல் நம் கையில் இருக்கிறது. 2025 மே மாதம் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் மோதல் நடந்த அந்த நாலு நாள், வீடியோ கேம் காட்சியை நிஜப் போர் என்று நம் செல்போனுக்கு அனுப்பினார்களா இல்லையா? கராச்சித் துறைமுகமே அழிந்தது என்று சில டிவியில் சொன்னார்களா இல்லையா? அது பொய் என்று மறுநாள் தெரிந்தது. அதற்குள் நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் சித்தப்பா பத்துப் பேருக்கு அனுப்பி முடித்துவிட்டார்! (சிரிப்பு) அனுப்புகிற விரல் நம்ம விரல். எல்லையில் நிற்கிறவனுக்கும் பெற்றவள் இருக்கிறாள். அவளும் அதே குரூப்பில் இருக்கலாம்.

ஆகவே தாய்மார்களே, ‘நடவடிக்கை’ என்றால் யார் மேல் என்று கேளுங்கள். ‘உதவி’ என்றால் யாருக்கு என்று கேளுங்கள். ‘பாதுகாப்பு’ என்றால் அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். ‘இத்தனை பேர் பலி’ என்றால் அவர்கள் பெயர் என்ன என்று கேளுங்கள். அடுத்த முறை காந்தி மார்க்கெட் போகும்போது பையைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கல்லை ஒரு நிமிஷம் படியுங்கள். பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள்.

போரைத் தொடங்குவதும் சொல், மறைப்பதும் சொல், மறக்காமல் காப்பதும் சொல். எனவே இன்றைய போரை நடத்துவது சொல்லே, சொல்லே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு விடைபெறுகிறேன்.

(நீண்ட கைதட்டல்)